கணுக்காலில் கயிற்றுத் தடம்

நான் படித்த படிப்பின் பெயரைச் சொன்னதும் சொந்தக்காரர்கள் முதலில் கேட்பது, "பொணத்த அறுக்கற வேலையாம்மா?" என்பதுதான். இல்லை என்று விளக்கி விளக்கி எனக்கு அலுத்துவிட்டது. ஃபாரன்சிக் நர்சிங் பெரும்பாலும் உயிரோடு இருக்கிறவர்களைப் பார்க்கிற வேலை. அடிபட்டு வருவார்கள், மருந்து குடித்துவிட்டு வருவார்கள், படியில் விழுந்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். காயத்தைக் கழுவி மருந்து போடுவதற்கு முன்னால் அதைப் படம் எடுக்க வேண்டும், அளக்க வேண்டும், அவர்கள் சொன்னதை அவர்கள் வார்த்தையிலேயே எழுத வேண்டும், போட்டிருந்த துணியைக் காகிதப் பையில் வைத்து மூட வேண்டும். பிற்பாடு கோர்ட்டில் கேட்டால் அந்த உடம்பில் பார்த்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஸ்டவ் வெடித்தது, கதவு இடித்தது என்று சொல்லிக்கொண்டு வருகிற பெண்களுக்கு வெறும் கட்டுப் போட்டு அனுப்பி அனுப்பி மனசு வெறுத்துப்போய், சம்பளமில்லாத லீவில் வடக்கே போய் ஒரு வருஷம் இதைப் படித்தேன். போகச் சொன்னது என் அப்பா. அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "உனக்குப் பிடிச்சிருந்தா போ பாப்பா, வூட்ட நான் பாத்துக்கறேன்" என்றார். அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த என் மகனுக்கு அந்த ஒரு வருஷமும் சோறாக்கிப் போட்டவர் அவர்தான்.

திரும்பி வந்தபோது எங்கள் ஆஸ்பத்திரியில் இதற்கென்று தனிப் பதவி ஏதும் கிடையாது. அதே கேஷுவாலிட்டி, அதே ஸ்டாஃப் நர்ஸ் வேலை. ஆனால் போலீஸுக்குத் தெரிவிக்க வேண்டிய கேஸ் எது வந்தாலும் என்னைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்த மாதிரிக் கேஸுக்கு எம்.எல்.சி. என்று பெயர். எனக்கும் எம்.எல்.சி. அக்கா என்று பெயர் வைத்துவிட்டார்கள். புதிதாக வருகிற நர்ஸுகளுக்கு நான்தான் சொல்லிக் கொடுப்பேன். கூட வந்தவர்களை முதலில் வெளியே அனுப்பு, பிறகு பேஷண்டைக் கேள் என்பது முதல் பாடம். அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

கம்பைநல்லூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் 108 ஆம்புலன்ஸில் வந்தது ஒரு வெயில் காலத்து முற்பகல். காய்ச்சல், நாக்கு வறண்டு கிடந்தது, பேச்சு குழறியது. கூட வந்தவள் மருமகள். முப்பத்தைந்து வயது இருக்கும். மரவள்ளிக் காட்டில் கூலி வேலை செய்கிறவள் என்று கைகளைப் பார்த்தாலே தெரிந்தது. கட்டிலிலிருந்து விழுந்துவிட்டார் என்றாள். டிரிப் ஏற்றிவிட்டு வேட்டியை மாற்றும்போது பார்த்தேன். வலது கணுக்காலைச் சுற்றி வளையம் போட்டதுபோல ஒரு தடம். சில இடத்தில் பழையதாகிக் கறுத்திருந்தது, ஓரிடத்தில் தோல் உரிந்து புதிதாக ஈரம் கசிந்தது. கீழே விழுந்தால் இப்படி ஒரு தடம் ஏற்படாது. ஒரு நாளில் ஏற்பட்டதும் இல்லை.

"போய் அவருக்கு ஒரு இளநி வாங்கிட்டு வாம்மா" என்று அவளை அனுப்பினேன். அவள் வாசலைத் தாண்டியதும் பெரியவரிடம் குனிந்து, கால்ல என்னங்க ஆச்சு என்று கேட்டேன்.

"மாட்ட வித்துட்டாங்க" என்றார். "கயிறு மட்டும் இருக்குது."

"யாருங்க கட்டுனாங்க?"

"பாப்பாதான். காலைல கட்டும், பொழுது சாய வந்து அவுக்கும்."

மருமகளைத்தான் பாப்பா என்கிறார் என்று புரிந்தது. அதை அப்படியே எழுதிக்கொண்டேன். அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தேன். டூட்டி டாக்டர் வயதில் சின்னவர், நல்ல பையன். "சிஸ்டர், வயசானவரு, புத்தி கலங்கியிருக்கு. காய்ச்சலப் பாத்து அனுப்பிடலாமே. இத எதுக்குக் கெளறிக்கிட்டு?" என்றார்.

"டாக்டர், தடம் இருக்கு. பேஷண்ட் வாயால சொல்லியிருக்காரு. எம்.எல்.சி. போடாம விட்டா நாளைக்கி நம்மளத்தான் கேப்பாங்க" என்றேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

இளநீருடன் திரும்பி வந்தவளை ஆஸ்பத்திரியிலேயே இருந்த போலீஸ் ஏட்டு நிறுத்தி விசாரித்தார். அவள் மறைக்கவில்லை. ஆமாங்க, கட்டறேங்க என்றாள். வீட்டுக்காரர் பெங்களூரில் சென்ட்ரிங் வேலைக்குப் போயிருக்கிறார், மாதத்துக்கு ஒருமுறை வருவார். மாமனாருக்கு இரண்டு வருஷமாக நினைவு சரியில்லை. ஒருமுறை கிணற்று மேட்டில் நின்றிருந்தாராம், இன்னொரு முறை ரோட்டில் லாரிக்காரன் பிரேக் போட்டுக் கொண்டுவந்து விட்டுப் போனானாம். அவள் வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது. ஏட்டு எழுதிக்கொண்டே இருந்தார். அவள் அவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க சொல்லுங்கக்கா. உங்க வூட்டுல இப்பிடி ஒருத்தரு இருந்தா நீங்க என்ன பண்ணுவீங்க?"

கேஷுவாலிட்டி வாசலில் நிறையப் பேர் நின்றிருந்தார்கள். ஒருத்தன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"கட்டிப் போட மாட்டேன்" என்றேன்.

பொய் இல்லை. நான் கட்டவில்லை, பூட்டினேன். அதே நேரத்தில் அதியமான்கோட்டையில், எங்கள் வீட்டு கிரில் கேட்டுக்கு உள்ளே, என் அப்பா பூட்டி வைக்கப்பட்டிருந்தார்.

அப்பாவுக்கும் இரண்டு வருஷமாக அப்படித்தான். எங்கள் வீட்டிலிருந்து சற்று நடந்தால் பெங்களூர் ரோடு. சட்டையைப் போட்டுக்கொண்டு ரோட்டோரம் போய் நின்று, நடந்து போகிறவர்களிடமெல்லாம் "டிக்கெட் எடுத்தாச்சா? சில்லறையா குடுங்க" என்று கேட்பார். முதலில் சிரித்தோம். ஒரு நாள் நடு ரோட்டில் நின்று லாரியைக் கை காட்டி நிறுத்தினார். அன்றைக்குத்தான் பூட்டு வாங்கினோம். நான் காலை டூட்டிக்குக் கிளம்பும்போது பூட்டுவேன். பக்கத்திலேயே லாரி உதிரிபாகக் கடை வைத்திருக்கும் என் வீட்டுக்காரர் மதியம் வந்து திறந்து சோறு போட்டுவிட்டு மறுபடி பூட்டுவார். மகன் கோயம்புத்தூரில் படிக்கிறான். ஆள் வைத்துப் பார்த்தோம். வந்த பெண் ஒரு வாரத்தில் நின்றுவிட்டாள். பூட்டுவது அவருடைய பாதுகாப்புக்கு என்று எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம். அவளும் அதையேதான் ஏட்டிடம் சொன்னாள்.

அவள் மேல் வழக்குப் பதிவானது. பெரியவரைத் தேற்றி, அவள் பொறுப்பில் விட முடியாது என்று ஒரு முதியோர் இல்லத்துக்கு அனுப்பினார்கள். வாசலில் எடுத்த வீடியோ வாட்ஸ்ஆப்பில் சுற்றியது. மாமனாரைக் கட்டிப்போட்ட மருமகள் என்று மேலே எழுதியிருந்தான். அவள் என்னைக் கேட்ட கேள்வியை அதில் வெட்டியிருந்தான். நான் சொன்னது இருந்தது. எனக்கே நாலைந்து பேர் அதை அனுப்பி, நல்லாச் சொன்னீங்க சிஸ்டர் என்று எழுதினார்கள். ஒரு வாரம் அந்தப் பாராட்டை வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக்கொண்டேன்.

முதியோர் இல்லத்துக்கு மாதம் ஒருமுறை எங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் போவது வழக்கம். அந்த முறை நான் போனேன். பெரியவர் பாதியாக இளைத்திருந்தார். கால் புண் ஆறியிருந்தது. அங்கே இருந்த ஆயம்மா, "சோத்தத் தொட மாட்டேங்கறாருங்க. ஞாயித்துக்கெழம மருமவ ராயிக் களி கொண்டாந்து உருட்டி ஊட்டுனா மட்டும் உள்ள எறங்குது" என்றாள். என்னைப் பார்த்து அவர், "பாப்பா வந்துச்சா?" என்று கேட்டார். இன்னும் இல்லைங்க என்றேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அங்கே வைத்துத்தான் எனக்கு உறைத்தது. முதல் நாள் கேஷுவாலிட்டியில் அவரைப் புரட்டிப் படுக்க வைத்தபோது முதுகில் ஒரு படுக்கைப் புண் கிடையாது. இப்போது இருந்தது. அன்றைக்கு நகம் வெட்டியிருந்தது. முகம் மழித்திருந்தது. கணுக்கால் தடத்தில் தேங்காய் எண்ணெய் வாசம் அடித்தது. கயிறு உறுத்தாமல் இருக்க உள்ளே சுற்றிய பழைய சேலைத் துணியின் நூல் ஒட்டியிருந்தது. அத்தனையையும் நான் பார்த்தேன். கண் தானாகப் பார்த்துவிடும், அப்படிப் பழக்கியிருந்தார்கள். ஆனால் காயத்தை எழுதினேன், மற்றதை எழுதவில்லை. காயமில்லாத இடத்தையும் எழுத வேண்டும் என்பது நான் படித்த பாடத்திலேயே இருக்கிறது. குற்றம் கிடைத்துவிட்ட வேகத்தில் அதற்கு எதிராக இருந்ததை என் கை எழுத மறுத்துவிட்டது. வேறு விதமாக இதை என்னால் சொல்ல முடியவில்லை.

சரி, போய்ச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே சில வாரம் போனது. என்னை நகர்த்தியது என் நல்ல புத்தி இல்லை.

ஒரு நாள் என் வீட்டுக்காரர் சரக்கெடுக்க ஓசூர் போனவர் மதியத்துக்குள் திரும்ப முடியவில்லை. அப்பாவுக்குப் பசித்ததோ, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நினைத்தாரோ, கிரில் கம்பிக்கு நடுவே கையை விட்டு வெளிப்பூட்டைத் திருகப் பார்த்திருக்கிறார். முழங்கைக்கு மேல் மாட்டிக்கொண்டது. இழுக்க இழுக்கத் தோல் கிழிந்து ரத்தம். கத்தல் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் கடப்பாரையால் பூட்டை உடைத்து, ஆட்டோவில் போட்டு நேராக என் கேஷுவாலிட்டிக்கே கொண்டுவந்துவிட்டார்.

அப்பாவைக் கட்டிலில் படுக்க வைத்தது நான் சொல்லிக்கொடுத்த நர்ஸ். பாலக்கோட்டுப் பக்கத்துப் பெண், வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கையைத் துடைக்கப் போனவள் நிறுத்திக்கொண்டாள். கையில் இரண்டு கோடாகக் கம்பி அழுந்திய கன்றல். அதற்கு மேலும் கீழும் பழைய கன்றல்களும் இருந்தன. இதற்கு முன்னும் அவர் கையை விட்டுப் பார்த்திருக்கிறார், எங்களுக்குத் தெரியவில்லை. அவள் கன்றலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பஞ்சைத் தட்டில் வைத்துவிட்டுச் சொன்னாள்:

"அக்கா... நீங்க கொஞ்சம் வெளிய இருக்கீங்களா?"

போனேன். திரைக்கு அந்தப் பக்கம் நின்றேன். கூட வந்தவர்களை எத்தனையோ தடவை நானே இந்த இடத்துக்குத் தள்ளியிருக்கிறேன். இங்கே நிற்கும்போது காலைக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. உள்ளே அவள் மெதுவாகக் கேட்பதும், அப்பா கண்டக்டர் குரலில் பதில் சொல்வதும் கேட்டது.

"டோர லாக் பண்ணிட்டாங்கம்மா. எறங்க வேண்டியவன எறங்க விடல. விசில் அடிச்சும் நிறுத்தல."

அவள் வெளியே வந்தாள். "பூட்டி வெக்கறீங்களா அக்கா?"

"ஆமா."

"எழுதட்டுமா?"

"அவரு சொன்ன வார்த்தையிலயே எழுது" என்றேன்.

அப்போது அதே சின்ன டாக்டர் வந்தார். விஷயத்தைக் கேட்டதும், "அட, நம்ம சிஸ்டரோட அப்பாம்மா. அவங்க எப்பிடிப் பாத்துக்கறாங்கன்னு நமக்குத் தெரியாதா? தையலப் போட்டு அனுப்புங்க. எம்.எல்.சி.யெல்லாம் ஒண்ணும் வேணாம்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்தாள். தடம் இருக்கு டாக்டர், பேஷண்ட் வாயால் சொல்லியிருக்கிறார் என்று நான் சொல்வேன் என்று எதிர்பார்த்தாள். எனக்கு அந்த வாக்கியம் மனப்பாடம். என் வாயிலிருந்து வரவில்லை. பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவள் தையலுக்கு நூல் எடுக்கப் போனாள்.

அதற்குப் பிறகு அவள் என்னிடம் மரியாதையில் எதுவும் குறைக்கவில்லை. அக்கா அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள். சந்தேகம் கேட்பதை மட்டும் நிறுத்திவிட்டாள்.

அடுத்த நாள் லீவு போட்டுவிட்டு, அந்த வழக்கைப் பார்க்கும் ஸ்டேஷனுக்குப் போனேன். சப்-இன்ஸ்பெக்டர் உட்காரச் சொன்னார். முதுகில் புண் இல்லாததையும், நகத்தையும், மழித்த முகத்தையும், எண்ணெயையும், சேலை நூலையும் சொன்னேன். எடுத்த படங்களில் இரண்டில் அந்த நூல் தெரிந்தது, பெரிதாக்கிக் காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "இத அன்னிக்கே எழுதியிருந்தா அந்தப் பொம்பளைய நாங்க இவ்வளவு தூரம் அலைய விட்டிருக்க மாட்டமேங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

என் வாக்குமூலத்தைச் சேர்த்துக்கொண்டார்கள். கோட்டாட்சியர் விசாரித்தார். இனிமேல் கட்டக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டு பெரியவரை அவளோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். வேலைக்குப் போகும் நேரத்தில் அங்கன்வாடிக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் அவரை உட்கார வைத்துப் போகலாம் என்று அந்த ஊர்க் கிராம நர்ஸ் ஏற்பாடு செய்தாள். அப்படி ஒரு ஏற்பாட்டை முதல் நாளே செய்திருக்க முடியும். யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. வீட்டுக்குப் போய் மழைக்காலம் தாண்டவில்லை, பெரியவர் போய்விட்டார். மார்ச்சளி என்றாள் கிராம நர்ஸ். இல்லத்தில் இளைத்த உடம்பு தேறவே இல்லையாம். கருமாதிக்குப் போகலாமா என்று யோசித்தேன். எந்த முகத்தோடு போவது என்று விட்டுவிட்டேன்.

அப்பாவுக்கு இப்போது பகலில் ஆள் இருக்கிறது. பொம்மிடியிலிருந்து என் சித்தி மகள் வந்து எங்களோடு தங்கியிருக்கிறாள். அவளுக்கு ஊருக்குப் போக வேண்டி வரும் நாட்களில் நான் லீவு போடுகிறேன். லீவு கிடைக்காத நாளில் பூட்டுகிறேன். இல்லை என்று சொல்ல மாட்டேன். புதிய பூட்டுக்கு அவர் கை எட்டாது.

அந்த மருமகளை நான் மறுபடி பார்த்தது போன மாசம். ஓ.பி. சீட்டு வாங்கும் வரிசையில் நின்றிருந்தாள். முந்தானையை இழுத்து இடது கன்னத்தை மூடியிருந்தாள். எனக்கு உடனே புரிந்துவிட்டது. கண்ணுக்குக் கீழே நீலம் பாய்ந்திருந்தது, உதடு தடித்திருந்தது. வீடியோ வந்த பிறகு அவள் வீட்டுக்காரன் பெங்களூர் வேலையை விட்டுவிட்டான் என்றும், கூட வேலை செய்கிறவர்கள் போனைக் காட்டிக் கேலி பேசினார்கள் என்றும், குடித்துவிட்டு வீட்டிலேயே கிடக்கிறான் என்றும் கிராம நர்ஸ் முன்பே சொல்லியிருந்தாள்.

நான் பக்கத்தில் போனேன். அவள் என்னைப் பார்த்ததும் வரிசையை விட்டு விலகிக் கேட்டை நோக்கி நடந்தாள். பின்னாலேயே போனேன்.

"அம்மா, நில்லும்மா. கன்னத்தக் காட்டு. பல்லு ஏதாச்சும் ஆடுதா?"

"ஒண்ணுமில்லீங்க. கதவுல இடிச்சிக்கிட்டேன்."

"நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். மருந்து மட்டும் போட்டுக்கிட்டுப் போ."

அவள் நின்றாள். அன்றைக்குப் பிறகு முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தாள். "நீங்க பாத்தா எழுதுவீங்கக்கா" என்றாள். "எழுதுனா எங்க வூட்டுக்காரரக் கூட்டிக்கினு போவாங்க. அப்பறம் அதயும் எவனாச்சும் படம் புடிப்பான். வுட்டுடுங்க."

எத்தனை பெண்கள் இப்படி வந்து கட்டு மட்டும் போட்டுக்கொண்டு போவதைப் பார்த்துப் பொறுக்காமல் நான் இதைப் படிக்கப் போனேன் என்று அவளிடம் சொல்ல முடியுமா? சொல்லவில்லை. மன்னித்துக்கொள் என்று சொல்லவும் வாய் வரவில்லை. அவள் என்னை மன்னிப்பதற்காக அங்கே வரவில்லை, வலிக்கு வந்திருந்தாள்.

"நான் உள்ள வரல" என்றேன். "பாலக்கோட்டுப் பொண்ணு ஒண்ணு இருக்குது. சின்னப் பொண்ணு, நல்லாக் கேக்கும். நீ வேணாங்கறத அது பண்ணாது. அதுகிட்ட காட்டிட்டுப் போ."

அவள் பஸ் நிற்கும் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு உள்ளே திரும்பினாள். நான் போனில் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, இப்படி ஒருத்தர் வருகிறார், நீ பார் என்று மட்டும் சொன்னேன். என்ன செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வேப்ப மர நிழலில் நின்றுகொண்டேன். டூட்டி நேரம். உள்ளே ஆள் தேடியிருப்பார்கள்.

அவள் வெளியே வர வெகுநேரம் ஆனது. மருந்து போட ஆகிற நேரத்தைவிட ரொம்ப அதிகம். கன்னத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது, முந்தானை தோளில் கிடந்தது. அழுதிருந்தாள். நான் நின்ற பக்கம் அவள் பார்க்கவில்லை. உள்ளே என்ன பேசினார்கள், என்ன எழுதினார்கள் என்று நான் அந்த நர்ஸ் பெண்ணை இதுவரை கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.